பிரபுக்களுக்கு ஓபராவில் வேலை: ஒரு கையேடு

உங்களுக்கு ஒருநாள் எர்ல் பட்டம் வரப்போகிறது. யார்க்ஷயரில் மாளிகை, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எல்லாம் பட்டத்தோடு சேர்ந்தே வரும் (1999 வரைக்கும் பிரபுக்கள் சபையில் ஓர் இருக்கையும் வந்தது). உங்கள் மனமோ வேறெங்கோ இருக்கிறது. நேற்று இரவு மிலானில் ‘நார்மா’ பாடியது யார், இரண்டாம் அங்கத்தில் அவர் குரல் ஏன் தளர்ந்தது, அடுத்த வாரம் வியன்னாவில் யார் பாடப்போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மருத்துவரைக் கூப்பிடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் யோசிக்கிறார்கள்.

வேண்டாம். இது தீர்க்கக்கூடிய நோயல்ல, ஆனால் இதை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். பிழைத்துக் காட்டியவர் ஜார்ஜ் லஸல்ஸ், ஏழாவது ஹார்வுட் எர்ல் (1923–2011). பத்திரிகை ஆசிரியர், புத்தகத் தொகுப்பாளர், விழா இயக்குநர், ஓபரா நிறுவன நிர்வாகி என்று அறுபதாண்டுக்கு மேல் அந்தத் துறையிலேயே கிடந்தவர். அவர் போன வழியிலேயே போக விரும்பும் பட்டதாரிகளுக்காக (பட்டம் என்று நான் சொல்வது பல்கலைக்கழகம் தருவதை அல்ல) கீழ்க்கண்ட யோசனைகள்.

முதலில், தாத்தாவைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஹார்வுட் தேர்ந்தெடுத்தது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை. மன்னரின் ஒரே மகள் இளவரசி மேரிதான் இவருடைய அம்மா. பிறந்தபோது அரியணைக்கான வரிசையில் ஆறாவது இடம். இதைவிட வசதியான இடம் கிடையாது. முதலாவதாகப் பிறந்தால் அரசாளச் சொல்லிவிடுவார்கள். ஐம்பதாவதாகப் பிறந்தால் யாரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். ஆறாவது ஆளுக்கு எல்லாக் கதவும் திறக்கும், எந்த அறைக்குள்ளும் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இருக்காது.

ஆனால் சங்கீதம் ரத்தத்திலேயே ஊறியது என்று பிற்காலத்தில் பேட்டி கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தாத்தாவிடம் உங்களுக்குப் பிடித்த ஓபரா எது என்று கேட்டார்களாம். ‘லா போயெம்’ என்றாராம். காரணம் கேட்டதற்கு, அதுதான் சீக்கிரம் முடிகிறது என்றாராம். இப்படி ஒரு கதை லண்டன் இசை வட்டாரத்தில் வெகுகாலமாக உலவுகிறது. தாய்மாமன் எட்டாம் எட்வர்ட், அரியணையைத் துறந்த அதே ஆள், மருமகனின் இசைப் பித்தைப் பார்த்து வியந்ததும் பிரசித்தம். பையனுடைய அப்பா அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள், குதிரை, நாய், கிராமம் என்று மற்றவர்களைப்போலத்தானே வாழ்கிறார்கள், இவனுக்கு எங்கிருந்து வந்தது இது என்பது அவர் கவலை. தம்பி ஜெரால்டுக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர். குடும்பத்தார் எவ்வளவு தாங்குவார்கள்?

அடுத்தது வீடு. ஹார்வுட் மாளிகை லீட்ஸ் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. 1759-ல் கட்ட ஆரம்பித்தார்கள். ஜான் கார் கட்டினார், உள் அலங்காரம் ராபர்ட் ஆடம், மரச்சாமான்கள் தாமஸ் சிப்பெண்டேல், தோட்டம் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பணத்தால் வாங்கக்கூடிய மிகச் சிறந்த நான்கு பேர். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். சர்க்கரையிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கரும்புத் தோட்டம் என்றதும் நமக்கு பிஜித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் ஞாபகம் வரும். இது அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தைய, அட்லாண்டிக் கடலோரத்துக் கதை. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு லஸல்ஸ் குடும்பம் நடத்திய வியாபாரம். அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு. 1,277 மனிதர்களுக்காக அன்றைய ஹார்வுட் எர்லுக்குக் கிடைத்தது 26,000 பவுண்டுக்கு மேல். கரும்பு தின்னக் கூலியா என்று நாம் கேட்போம். தின்றவருக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறார்கள். வெட்டியவருக்கு ஒரு பென்னிகூட இல்லை. ஓபரா அரங்கில் முன்வரிசை இருக்கை எப்படி வந்தது என்ற கணக்கை எழுதும்போது முதல் பற்று இதுதான். இதை விட்டுவிட்டு மீதி வாழ்க்கையை மட்டும் ரசித்து எழுதுகிற வழிகாட்டிகளை நம்பவேண்டாம்.

படிப்பு. ஈட்டன் பள்ளியும் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியும் போதும், ஆனால் இசைப் படிப்பு அங்கே அல்ல. அதற்குச் சிறை செல்லவேண்டும். கிரெனேடியர் கார்ட்ஸ் படையில் அதிகாரியாகச் சேருங்கள். இத்தாலியில் போரிடுங்கள். 1944 ஜூன் 18 அன்று மான்டே கோர்னோவில் குண்டடிபட்டு ஜெர்மானியரிடம் மாட்டிக்கொள்ளுங்கள். மன்னரின் அக்கா மகனோ தங்கை மகனோ கையில் சிக்கினால் எதிரிக்கு அது புதையல். உங்களைச் சாதாரணக் கைதிகளோடு அடைக்கமாட்டார்கள். கோல்டிட்ஸ் கோட்டையில் ‘முக்கியஸ்தர்கள்’ என்றே ஒரு பிரிவு இருந்தது. சர்ச்சிலின் உறவினர், அரசியின் உறவினர் என்று பேரம் பேச உதவக்கூடிய உறவுக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சிறைவாசத்தில் ஹார்வுட் செய்தது குரோவ் இசை அகராதியைப் படித்தது. பல தொகுதிகள் கொண்ட நூல். தேவைப்படும்போது ஒரு பக்கம் புரட்டிப் பார்க்க வைத்திருப்பார்களே தவிர, அகரவரிசைப்படி முதலிலிருந்து யாரும் படிக்கமாட்டார்கள். இவர் படித்தார். முழுதும் முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. முடியும் தறுவாயில் ஒரு சின்ன இடைஞ்சலும் இருந்தது. 1945 மார்ச்சில் ஹிட்லர் இவரைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்திட்டார். பொறுப்பிலிருந்த எஸ்.எஸ். தளபதி காட்லோப் பெர்கர், எப்படியும் தோற்கப்போகிறோம், நாளை நம் கழுத்துக்கும் கயிறு வரும் என்று கணக்குப் போட்டு, ஆணையைக் கிடப்பில் போட்டுவிட்டுக் கைதிகளை சுவிஸ்காரர்களிடம் ஒப்படைத்தார். இசை விமர்சகர்களைக் கொல்லவேண்டும் என்று பல பாடகர்கள் விரும்பியதுண்டு. எழுத ஆரம்பிக்கும் முன்பே அந்த ஆணையைப் பெற்றவர் இவர்.

ஊர் திரும்பி இரண்டு வருடத்தில், 1947-ல், அப்பா இறந்துவிடுவார். பட்டம் வரும். பட்டத்தோடு வாரிசு வரியும் வரும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அது விளையாட்டல்ல. நிலத்தின் பெரும்பகுதி விற்றுப்போயிற்று. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற மாளிகையை 1950-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டுதான். 1971-ல் டிஷியனின் ‘ஆக்டியானின் மரணம்’ ஓவியமும் ஏலத்துக்குப் போயிற்று. அமெரிக்காவுக்குப் போயிருக்கவேண்டியது, மக்களிடம் நிதி திரட்டி லண்டன் நேஷனல் கேலரி அதை அடுத்த ஆண்டு மீட்டது. ஆக, ஓபராவில் வேலை பார்த்து மாளிகைக்குக் கூரை வேயலாம் என்று நினைக்காதீர்கள். டிஷியன் வேண்டும்.

இனி பத்திரிகைக்கு வருவோம். இதுதான் கையேட்டின் நடுப்பகுதி, இங்கே அவசரப்படாதீர்கள்.

ரிச்சர்ட் பக்கிள் என்பவர் பாலே நடனத்துக்கென்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஓபராவையும் சேர்த்துக்கொண்டபோது ஹார்வுட் உள்ளே நுழைந்தார். பிறகு தனிக்குடித்தனம். 1950-ல் ‘ஓபரா’ என்றே பெயர் வைத்து ஒரு மாத இதழ் தொடங்கினார். அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பிரபு ஒருவர் பத்திரிகை தொடங்கினால் அதில் பிரபுவின் புகைப்படம், பிரபுவின் விருந்து, பிரபுவின் கவிதை இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அதில் இருந்ததெல்லாம் விவரம். எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த ஓபரா, யார் யார் பாடினார்கள், வாத்தியக் குழுவை நடத்தியது யார், எப்படி இருந்தது. அடுத்த ஊர். மறுபடியும் அதே.

சலிப்பூட்டும் இந்தப் பட்டியல்தான் தொழிலின் உயிர். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாயகி பெயரோடு நின்றுவிடுவார்கள். தோழியாக வந்தவள், கடிதம் கொண்டுவந்த சேவகன் பெயரையெல்லாம் எழுத இடமில்லை என்பார்கள். 1952 நவம்பரில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மரியா காலஸ் முதன்முதலாகப் பாடினார். ‘நார்மா’. ஊரே காலஸைப் பற்றிப் பேசியது. பட்டியலின் கீழே, நார்மாவின் தோழி குளோடில்டா என்ற சின்னஞ்சிறு வேடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயர் இருந்தது: ஜோன் சதர்லண்ட். ஏழே வருடத்தில், 1959-ல், அதே மேடையில் ‘லூச்சியா’ பாடி அவர் உலகப் புகழ் பெற்றார். அப்போது ஹார்வுட் அந்த அரங்கின் சம்பளப் பட்டியலில் இருந்தார். பட்டியலைக் கடைசி வரிவரைக்கும் படிக்கிற வியாதி நிர்வாகத்துக்குப் போனபின் சொத்தாகிவிடுகிறது.

கையெழுத்து விஷயத்தில் சிக்கனமாக இருங்கள். எர்ல்களுக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் எதுவும் தேவையில்லை, பட்டத்தின் பெயர் ஒன்றே போதும். ஓபரா கதைகளின் பெரிய தொகுப்பான கோபே புத்தகத்தை இவர் திருத்திப் புதுக்கியபோது தாம் எழுதிய பகுதிகளின் அடியில் ஒரே ஓர் எழுத்து போட்டார்: ‘எச்’. இருபது வருடம் எழுதினாலும் தன் பெயர் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் வரவில்லையே என்று புலம்புகிறவர்கள், முதலில் ஒரு மாளிகை வாங்கிப் பார்க்கலாம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடவேண்டும். 1951-லிருந்து 1953 வரை இவர் கோவென்ட் கார்டன் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அதே சமயம் அந்த அரங்கின் நிகழ்ச்சிகளை விமர்சிக்கும் பத்திரிகைக்கு ஆசிரியர். சமைத்தவரே ருசி பார்த்து மார்க் போடும் ஏற்பாடு. அன்றைய லண்டனில் கலைத்துறை என்பது ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய கூட்டம்தான், யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. எனக்கென்னவோ இது இவர் வாழ்க்கையில் பட்டம் கொடுத்த சலுகைகளிலேயே கண்ணுக்குத் தெரியாத, அதனால் மிகப் பெரிய சலுகை என்று தோன்றுகிறது. 1953-ல் ஆசிரியர் நாற்காலியை ஹெரால்ட் ரோசெந்தாலிடம் விட்டுவிட்டு அரங்கின் முழுநேர ஊழியராகப் போனார். அதுவரைக்கும் நீடித்த குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

கல்யாணம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்கட்டும். 1949-ல் ஹார்வுட் மணந்தது மரியன் ஸ்டைனை. வியன்னாவில் பிறந்த பியானோ கலைஞர். அவருடைய அப்பா எர்வின் ஸ்டைன், ஷோன்பெர்க்கின் மாணவர். கல்யாணப் பாட்டுக்கு வெளியே ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. நண்பர் பெஞ்சமின் பிரிட்டன் புதிதாக ஒன்றை எழுதித் தந்தார். இங்கிலாந்தின் முதல்தர இசையமைப்பாளர் நண்பராக இருப்பதில் இந்தச் சௌகரியம் உண்டு. அசௌகரியங்கள் பிறகு வரும்.

அதிலொன்று மூன்றே வருடத்தில் வந்தது. 1952 வசந்தத்தில் ஆஸ்திரிய மலையொன்றில் பனிச்சறுக்கு விடுமுறை. ஹார்வுட் தம்பதி, பிரிட்டன், அவருடைய துணைவர் பாடகர் பீட்டர் பியர்ஸ். ஒவ்வொரு தேசத்துக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் ஓபரா இருக்கிறதே, இங்கிலாந்துக்கு எது என்று பேச்சு வந்தது. ஒன்றுமில்லை. அப்படியானால் நீ எழுது. கதை? முதலாம் எலிசபெத் அரசியும் எஸெக்ஸ் பிரபுவும். சமயம்? இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா. அனுமதி? புதிய அரசி ஹார்வுட்டின் மாமன் மகள். அரசியின் தனிச்செயலாளர் ஆலன் லஸல்ஸும் குடும்பத்தில் ஒருவர்தான். இங்கே கவனியுங்கள்: ஓர் ஓபராவுக்கான யோசனை, உத்தரவு, நிதி, அரங்கம் எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கூடிவந்தால் அங்கேயே சந்தேகப்படவேண்டும்.

‘குளோரியானா’ 1953 ஜூன் 8 அன்று, முடிசூட்டு நடந்த ஆறாம் நாள், அரசியின் முன்னிலையில் அரங்கேறியது. அரங்கில் ஓபரா ரசிகர்கள் குறைவு. தூதர்கள், அமைச்சர்கள், மெடல்கள், வைரங்கள், முழங்கைவரை வெள்ளைக் கையுறைகள். கையுறை போட்டுக்கொண்டு கைதட்டினால் சத்தம் வராது. தட்டவேண்டும் என்று தோன்றவும் இல்லை. இளம் அரசியைக் கொண்டாட வந்தவர்களுக்கு மேடையில் காட்டப்பட்டது கிழட்டு அரசி. ஒரு காட்சியில் காதலன் சொல்லாமல் உள்ளே நுழைந்துவிட, சவுரிமுடி இல்லாத நரைத்த தலையோடு அவள் நிற்கிறாள். முடிசூட்டுவதற்கென்று அழைத்துவந்து முடியைக் கழற்றிக் காட்டினால் சபை என்ன செய்யும்? பத்திரிகைகள் பிய்த்து எறிந்தன. மக்கள் பணத்தில் இது தேவையா என்று கேள்வி எழுந்தது. பிரிட்டன் நெடுங்காலம் அந்தக் காயத்தோடு இருந்தார்.

மோசமான படைப்பா அது? இல்லை என்பதுதான் வேடிக்கை. 1966-ல் சேட்லர்ஸ் வெல்ஸ் குழு அதைக் கையிலெடுத்து, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்கள் முன்னால் நடத்தியபோது நன்றாகவே எடுபட்டது. எனவே மாமன் மகளுக்காக ஓபரா ஏற்பாடு செய்வதாயிருந்தால், அவளைத் தவிர வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.

கோவென்ட் கார்டனில் 1953 முதல் 1960 வரை இவர் பார்த்த வேலையைப் பற்றி விவரமாக எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது முழுக்க முழுக்கத் தொலைபேசியும் நாட்காட்டியும். எந்தப் பாடகர் எந்த மாதம் காலி, அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் மாற்று யார், வாத்தியக் குழு ஒத்திகைக்கு எத்தனை நாள், மேடையில் நேற்றைய அரண்மனையைப் பிரித்துவிட்டு இன்றைய காட்டை நிறுத்த எத்தனை மணி நேரம். இந்தக் கணக்குகள் சரியாக விழுந்தால் பார்வையாளருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. 1958-ல் விஸ்கோன்டி இயக்கி ஜூலினி இசை நடத்திய ‘டான் கார்லோஸ்’ அப்படி விழுந்த ஒன்று. வெர்டியின் அந்த ஓபராவை உலகம் மறுபடி கவனிக்கக் காரணமாயிற்று. பட்டம் இங்கே எவ்வளவு உதவியது? மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை எடுக்கும்வரை உதவியது. எடுத்தபின் தேதியும் சம்பளமும்தான் பேச்சு.

1961-லிருந்து 1965 வரை எடின்பரோ விழாவின் கலை இயக்குநர். விழா நடத்த ஒரு சூத்திரம் வைத்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆளையோ தேசத்தையோ பிடித்துக்கொள்வது, சபையோருக்குப் பிடிக்குமா என்று கேட்காமல் நிறையப் பரிமாறுவது. முதல் வருடம் ஷோன்பெர்க். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வெறுக்கக்கூடிய இசை. அடுத்த வருடம் ஷோஸ்டகோவிச், ஆளே நேரில் வந்திருந்தார். 1963-ல் இந்தியா.

அந்த 1963-ஐத் தமிழர்கள் இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-ல் ஐ.நா. சபையில் பாடியது நமக்கெல்லாம் பாடம். அதற்கு மூன்று வருடம் முன்னால் அவர் எடின்பரோவில் பாடினார். அதே விழாவில் பாலசரஸ்வதி ஆடினார். ரவிசங்கர், அலி அக்பர் கான் வாசித்தார்கள். ஐரோப்பியச் சங்கீதத்துக்கென்று போருக்குப் பின் உண்டாக்கப்பட்ட விழாவில், ஒப்புக்கு ஒரு மாலை நிகழ்ச்சியாக அல்லாமல், விழாவின் முக்கிய விஷயங்களில் ஒன்றாகவே இந்தியக் கலையை வைத்தார்கள். சபா செயலாளர்களுக்கு இதில் ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் அவர்கள் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவதில்லை.

ஸ்காட்லாந்து நாளிதழ்கள் அந்த வருடம் எதைப் பற்றி எழுதின என்கிறீர்களா? விழாவோடு சேர்த்து ஒரு நாடக மாநாடு நடந்தது. அதில் புதுமை என்ற பெயரில், அரங்கின் மேல்மாடத்தில் ஒரு பெண்ணை ஆடையின்றித் தள்ளுவண்டியில் வைத்துச் சில நொடிகள் உருட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். நகரசபை கொதித்தது, தேவாலயம் கொதித்தது. அடுத்த வருடம் நடக்கவிருந்த கவிதை மாநாடு காற்றோடு போயிற்று. விழா இயக்குநராகப் போகிறவர்கள் மேல்மாடத்துக்கும் ஒரு காவலரைப் போட்டுவைப்பது நல்லது.

வீழ்ச்சிக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கவேண்டும். ஆஸ்திரேலிய வயலின் கலைஞர் பட்ரீஷியா டக்வெல்லோடு இவருக்குக் காதல். 1964-ல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். மரியனோடு விவாகரத்து 1967-ல். இங்கே இன்னொரு சிக்கல்: 1772-ம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி, இரண்டாம் ஜார்ஜின் வம்சத்தில் வந்தவர் மறுமணம் செய்ய அரசியின் சம்மதம் தேவைப்பட்டது. அரசியோ திருச்சபையின் தலைவி. விவாகரத்தானவருக்கு ஆசி சொன்னதாக ஆகக்கூடாது. பிரதமர் ஹெரால்ட் வில்சனின் அமைச்சரவை கூடி ஆலோசனை சொல்ல, அதன்படி அரசி சம்மதித்தார். இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ள ஒரு மந்திரிசபை. கல்யாணத்தை அமெரிக்காவில் கனெக்டிகட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அரண்மனை சில காலம் கதவைச் சாத்தியது. 1972-ல் அந்த எட்வர்ட் மாமா இறந்தபோது சவ அடக்கத்துக்கு அழைப்பில்லை. காதலுக்காக அரியணையையே துறந்தவரின் சவ அடக்கத்துக்கு, காதலித்த குற்றத்துக்காக மருமகனைக் கூப்பிடவில்லை. வெர்டியிடம் இந்தக் கதையைக் கொடுத்திருந்தால் நம்பமுடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பார். பிரிட்டனும் உறவை முறித்துக்கொண்டார். பிரிட்டன் நடத்திவந்த ஆல்டபரோ இசை விழாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தலைவராக இருந்த ஹார்வுட் விலக நேர்ந்தது. அரண்மனையின் கோபத்தைவிட இதுதான் வலித்திருக்கும் என்பது என் ஊகம்.

நல்லவேளை, வேலை இருந்தது. 1972-ல் சேட்லர்ஸ் வெல்ஸ் ஓபராவின் நிர்வாக இயக்குநரானார். லிலியன் பேலிஸ் என்ற அம்மையார் சாதாரண ஜனங்களுக்காக வளர்த்த குழு அது. டிக்கெட் விலை குறைவு, எல்லாமே ஆங்கிலத்தில். 1968-லேயே சேட்லர்ஸ் வெல்ஸ் அரங்கை விட்டு லண்டனின் வெஸ்ட் எண்ட் கேளிக்கைப் பகுதியில் இருக்கும் பிரமாண்டமான கொலிசியத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது, பெயரை மட்டும் பழைய வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு திரிந்தது. 1974-ல் ‘இங்கிலிஷ் நேஷனல் ஓபரா’ என்று பெயர் மாறியது.

உலகத்தின் எந்த ஓபரா அரங்குக்கும் நுழைவு கிடைக்கக்கூடிய, எந்த மொழியில் பாடினாலும் கதை முன்கூட்டியே தெரிந்த ஒரு மனிதர், லண்டன் பேருந்தில் வந்திறங்குகிறவருக்குப் புரியும் மொழியில்தான் பாடவேண்டும் என்ற கொள்கைக்குக் காவலாக உட்கார்ந்தார். வாக்னரின் ‘ரிங்’ நான்கு இரவுகள் நடக்கும் ஓபரா. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஆண்ட்ரூ போர்ட்டர், பத்திரிகை விமர்சகர். நடத்தியவர் ரெஜினல்ட் குடால். 1973-ல் நான்கும் வரிசையாக மேடையேறின. சீக்ஃபிரீட் என்ற வீரன் உடைந்த வாளை உலையில் உருக்கி மறுபடி அடிக்கும் காட்சி ஒன்று வரும். அந்த வேடத்தில் பாடியவர் லிவர்பூல்காரரான ஆல்பர்டோ ரெமெடியோஸ். பாட வருமுன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அந்தக் காட்சியில் அவரை யாரும் திருத்தியிருக்க முடியாது.

1982-ல் ஜோனதன் மில்லர் ‘ரிகோலெட்டோ’வை நியூயார்க் மாஃபியாக்காரர்களின் கதையாக மாற்றினார். உலகமே முணுமுணுக்கும் அந்தப் பாட்டை, பிரபு வேடத்து ஆள் மதுக்கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஆரம்பித்தான். 1984-ல் குழு அமெரிக்காவுக்குப் போனபோது இதையும் கொண்டுபோனார்கள். இத்தாலிய அமெரிக்கர்களில் சிலர் கொதித்தார்கள். அதே பயணத்தில் ‘குளோரியானா’வும் போயிற்று. முப்பத்தோரு வருடம் கழித்து. ஹார்வுட் மறக்கிற ஜாதியில்லை.

இதற்கிடையில் 1978-ல் சொந்த ஊர்ப்பக்கத்துக்கும் ஒன்று செய்தார். லீட்ஸ் கிராண்ட் தியேட்டரில் ‘சாம்சனும் டெலிலாவும்’ நிகழ்ச்சியோடு லண்டன் குழுவின் வடக்குக் கிளை பிறந்தது. 1981-ல் ‘ஓபரா நார்த்’ என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. இவர் செய்த காரியங்களில் எது நிலைக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பொழுதுபோக்கு: கால்பந்து. லீட்ஸ் யுனைடெட் குழுவுக்கு 1961 முதல் சாகும்வரை கௌரவத் தலைவர். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு 1963 முதல் 1972 வரை தலைவர். அதாவது 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வாங்கியபோது சங்கத் தலைவர் ஓர் ஓபரா பைத்தியம். உபதொழில்: திரைப்படத் தணிக்கை வாரியத்தின் தலைவர் பதவி, 1985 முதல் 1996 வரை. படம் தொடங்குமுன் திரையில் வரும் சான்றிதழில் தலைவரின் கையெழுத்து இருக்கும். ரத்தம் தெறிக்கும் பேய்ப்படம் பார்க்க வந்த வாலிபர்கள் ஒவ்வொரு முறையும் ஏழாவது எர்லைத் தாண்டித்தான் பேயிடம் போனார்கள்.

ஓய்வுபெறும் எண்ணம் இருந்தால், அதற்கும் ஏற்ற வேலை கோபே புத்தகம்தான். 1954-ல் முதல் திருத்தப் பதிப்பு, பிறகு 1976, 1987, கடைசியாக 1997-ல் ஆன்டனி பீட்டியோடு சேர்ந்து. அப்போது இவருக்கு எழுபத்து நான்கு வயது. புது ஓபராக்கள் வந்துகொண்டே இருப்பதால் புத்தகம் ஒருநாளும் முடியாது. வேலை போய்விடும் என்ற பயமில்லை.

பாதுகாப்புக் குறிப்பு ஒன்று மட்டும் பாக்கி. மூலப் புத்தகத்தை எழுதிய கஸ்டவ் கோபே ‘நியூயார்க் ஹெரால்ட்’ பத்திரிகையின் இசை விமர்சகர். 1918 ஜூலையில் புத்தகம் அச்சாகுமுன் லாங் ஐலண்ட் அருகே பாய்மரப் படகில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். கடலில் இறங்கிக்கொண்டிருந்த கடற்படை விமானம் ஒன்று படகில் மோதியதில் அவர் அந்த இடத்திலேயே இறந்தார். புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது. ஆகவே கைப்பிரதியைப் பதிப்பகத்தில் கொடுத்தபிறகு படகில் ஏறாதீர்கள். கால்பந்து பார்க்கப் போங்கள்.